சட்டி முடிஞ்சா கச்சேரி முடிஞ்சுது

போன மாசம் பாண்டியில மூணு பேர் சேர்ந்து ஒண்ணு பண்ணோம். கச்சேரின்னும் சொல்ல முடியாது, நாடகம்னும் சொல்ல முடியாது. நான் லேப்டாப்பும் நாலு பியெசோ டிஸ்க்கும் (ஒட்டின பொருளோட அதிர்வையே சத்தமா எடுக்கற சின்ன மைக்), லாஸ்பேட்டைல பரதம் சொல்லித்தர ஃப்ரெண்ட் ஒருத்தி, அப்புறம் வில்லியனூர்ல சட்டி பானை வனையற அண்ணன் ஒருத்தர். "பேரெல்லாம் போடாத தம்பி"ன்னு சொல்லிட்டாரு, அதனால அண்ணன்னே வெச்சுக்குவோம்.

எனக்கு ஆரம்பத்துல இருந்த பிளான் ரொம்ப சிம்பிள், இப்ப யோசிச்சா கொஞ்சம் வெக்கமா கூட இருக்கு. அவர்கிட்ட சத்தம் இருக்கு, அதை நான் ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வந்து என் சாஃப்ட்வேர்ல போட்டு பிசைவேன், அவ்ளோதான். சக்கரத்துலேர்ந்து அறுத்து எடுக்கறப்ப பானைக்கு அடி இருக்காது, அரைகுறையா காய வெச்சு, உள்ள ஒரு உருண்டைக் கல்லை குடுத்து வெளிய மரப்பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடுவாங்க. அந்தத் தட்டு சத்தம் இருக்கே, ஈரமா, கொழகொழன்னு இல்லாம ஆனா கெட்டியாவும் இல்லாம, உள்ளேர்ந்து யாரோ பதில் சொல்ற மாதிரி. நான் ஒரு எட்டு செகண்ட் வெட்டி, அதுவே திரும்பத் திரும்ப ஓடற மாதிரி லூப் போட்டு, கடலூர்லேர்ந்து பஸ் புடிச்சு கன்னியக்கோவில், தவளக்குப்பம்னு ஆடி ஆடிப் போயி, அவருக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு பெருமையா காட்டினேன்.

ஒரு நிமிஷம் கேட்டாரு. கழட்டிட்டாரு.

"இதே எடத்தையே எவ்ளோ நேரம் தட்டுவ தம்பி, ஓட்டை விழுந்துடும்."

நான் சிரிச்சுட்டேன். அவரு சிரிக்கல. அப்புறம்தான் உக்கார வெச்சு காட்டினாரு. தட்டத் தட்ட மண்ணு மெலிசாகுது, சத்தம் மாறிக்கிட்டே போகுது, அது மாறுறதை வெச்சுத்தான் எங்க போதும் எங்க இன்னும் வேணும்னு அவருக்குத் தெரியுது, பானைக்குள்ள கண்ணு எங்க போகும். சுட்டு எடுத்த சட்டியையும் அப்படித்தான், விரலால ஒரு சுண்டு, டங்குன்னா கடைக்கு, பொத்துன்னா ஓரத்துக்கு. பத்து வருஷமா சத்தம் சத்தம்னு திரியறேன், அந்த ஓரத்துக்குப் போன பத்து சட்டியில ரெண்டுலதான் எனக்கு விரிசல் காதுல கேட்டுச்சு. மீதி எட்டும் எனக்கு டங்குதான். லூப்பை அன்னிக்கே டெலீட் பண்ணிட்டேன்.

இந்த மாதிரி சேர்ந்து வேலை செய்யறது பத்தி பேச்சு வந்தா எல்லாரும் உடனே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜையும் நடனக்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாமையும்தான் இழுப்பாங்க, இசையும் ஆட்டமும் தனித்தனியா ரெடியாகி மேடையில மட்டும் சந்திக்கும், மொத்தம் எவ்ளோ நேரம்னு மட்டும் முன்கூட்டியே பேசி வெச்சுக்குவாங்க. சரி. எனக்கு அதை விட புடிச்சது 1946ல நடந்த விஷயம். அகமதாபாத்லேர்ந்து நியூயார்க் போன கீதா சாராபாய், பக்கவாஜ்னு வடநாட்டு மிருதங்கம் மாதிரி ஒண்ணு வாசிக்கறவங்க, கேஜ்கிட்ட மேற்கத்திய இசை கத்துக்கிட்டாங்க, காசுக்கு பதிலா அவருக்கு நம்ம இசையைச் சொல்லிக்குடுத்தாங்க. யாரும் யாரையும் சாம்பிள் எடுக்கல, ரெண்டு பேரும் மாணவங்க. வில்லியனூர்ல உக்காந்துக்கிட்டு சட்டி சட்டியா சுண்டிக்கிட்டிருந்தப்ப இதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

நம்ம ரிகர்சல் கூத்துக்கு வருவோம். பியெசோவை பானை கழுத்துல ஒட்டினா ஈர மண்ணு பட்டு ங்ங்ங்னு ஒரே இரைச்சல். அப்புறம் டிஸ்க்கை நெய்ல் பாலிஷ்ல முக்கி காய வெச்சு ஒட்டினேன் (டான்ஸர் ஃப்ரெண்டோட பாட்டில், செவப்பு, இன்னும் வாங்கித் தரல), இரைச்சல் போயிடுச்சு. அவளுக்கு வேற கவலை, எத்தனை கவுண்ட், எங்க ஆரம்பம், எங்க தீர்மானம் வெச்சு முடிக்கறது. கன்னிங்ஹாம் மாதிரி நேரம் மட்டும் ஃபிக்ஸ் பண்ணுவோம், 40 நிமிஷம்னு நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அண்ணன் தலையாட்டினாரு. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

இன்னொரு சண்டையும் வந்துச்சு. விரிசல் விட்ட சட்டிங்களை வரிசையா வெச்சு அவ கால்ல சலங்கைக்கு பதிலா அதுங்களைத் தட்டலாம்னு ஐடியா குடுத்தேன், எனக்கு அந்த பொத்து சத்தம் ரொம்ப புடிக்கும். அண்ணன் மொகமே மாறிடுச்சு. "ஊர் பார்க்க ஒடைசலை வெச்சா என் கையைப் பத்தி என்னா நெனைப்பாங்க?" எனக்கு டெக்ஸ்சர், அவருக்கு மானம். வெக்கல.

போஸ்டர் வந்தப்ப இன்னும் மோசம். எடம் குடுத்தவங்க என் பேரை பெருசா, அவ பேரை கீழ, அதுக்கும் கீழ 'நேரடி மண்பாண்ட செய்முறை விளக்கம்'னு போட்டிருந்தாங்க. பேரு வேணாம்னு அவரே சொன்னதுதான், ஆனா விளக்கமா அது? 1966 அக்டோபர்ல நியூயார்க்ல ஒரு ராணுவ பயிற்சிக் கூடத்துல 9 ஈவினிங்ஸ்னு கலைஞர்களும் இன்ஜினியர்களும் சேர்ந்து பண்ண நிகழ்ச்சி நடந்துச்சு, 10 கலைஞர்கள், பெல் லேப்ஸ்ங்கற டெலிஃபோன் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்து கிட்டத்தட்ட 30 இன்ஜினியர்ங்க. கேஜ் டெலிஃபோன் லைன் புடிச்சு ஹோட்டல் கிச்சன் சத்தத்தை எல்லாம் உள்ள கொண்டு வந்தாரு. பாதி நேரம் மெஷின் மக்கர், ஜனங்க காத்திருந்து கடுப்பானாங்க. ஆனா அதை நடத்தின பில்லி க்ளூவர் இன்ஜினியரை ஒயர் புடிக்கற ஆளா பார்க்கல, கலைஞருக்கு சரிசமமான கூட்டாளின்னு நின்னாரு. நான் நிக்கல. ஃபோன் பண்ணி மாத்தச் சொன்னேன், பிரிண்ட் ஆயிடுச்சுன்னாங்க, சரின்னு வெச்சுட்டேன்.

அன்னிக்கு நாப்பது பேர் இருப்பாங்க. அண்ணன் பெரிய தண்ணிப்பானை ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. தட்ட ஆரம்பிச்சாரு, நான் எதையும் லூப் போடாம அந்த சத்தத்தோட வாலை மட்டும் கொஞ்சம் நீட்டி விட்டேன், அவ முதல்ல கவுண்ட் புடிக்கப் பார்த்து முடியாம அப்புறம் அவரோட முழங்கையைப் பார்த்து ஆட ஆரம்பிச்சா, கை தூக்கறப்பவே அவளுக்குத் தெரிஞ்சுடுது. சத்தம் மெல்ல மெல்ல மேல ஏறிக்கிட்டே போச்சு. அப்ப ஹால்ல ஃபேன் சத்தம் கூட தனியா கேட்டுச்சு.

22வது நிமிஷம் நிறுத்திட்டாரு. பலகையைக் கீழ வெச்சாரு. நான் கண்ணாலயே கெஞ்சறேன், இன்னும் 18 நிமிஷம் இருக்குண்ணே. அவரு பானையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துட்டு, மைக் இருக்கறதையே மறந்துட்டு சொன்னாரு, "முடிஞ்சுது தம்பி."

அது ஸ்பீக்கர்ல வந்துச்சு. ஜனங்க கை தட்டிட்டாங்க.

பானையை சூளையில வெச்சிருக்காரு. டங்கா பொத்தான்னு வியாழக்கிழமை போய்த்தான் பார்க்கணும், முதல்ல நான்தான் சுண்டணுமாம்.