தூக்க மாத்திரை போடுவதா வேண்டாமா

இரவெல்லாம் தூங்கியும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி எழுந்திருக்கிற எனக்கு டாக்டர் குளோனசெபாம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். நாள்பட்ட சோர்வு நோயை இது குணப்படுத்தாது, குணப்படுத்துகிற மருந்து இன்னும் வரவே இல்லை, இது நரம்பை அமைதிப்படுத்தும், அவ்வளவுதான் என்று அவரே சொன்னார்.

அந்த அமைதி எனக்குப் பெரிய விஷயம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு ரோட்டோரம், செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனாலே மண்டைக்குள் ஓடுவது போல இருக்கும், கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கும்போது கதவு ஜன்னலை மூடிக்கொண்டு போர்வைக்குள் கிடப்பேன். 0.5 மில்லிகிராம் மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டி, தட்டில் சிந்திய தூளையும் விரலால் ஒற்றிப் போட்டுக்கொண்ட ராத்திரி அந்தச் சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது. "தூக்கம் வருதுல்ல, அப்புறம் என்ன யோசனை உனக்கு?" என்கிறார் அம்மா.

யோசனை இருக்கிறது. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு இதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் இந்த வகை (பென்சோடயசெபின்) மாத்திரைகள் எல்லாவற்றின் மருந்துக் குறிப்பிலும் இதைப் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது இதற்காகத்தான். சம்சு சாராயத்தோடும், டிராமடால் போன்ற வலி மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம், அதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் எங்களைப் போன்ற நோயாளிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த நோயில் சக்திக்கு மீறி வேலை செய்தால் உடம்பு பெரும்பாலும் அன்றைக்கே விழாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் விழும். குளோனசெபாமோ உடம்பில் பாதியளவு குறையவே 30, 40 மணி நேரம் ஆகும். அதாவது 'போதும், உட்கார்' என்று உடம்பு சொல்ல வேண்டிய நேரத்தில் மாத்திரை அதன் வாயை மூடி வைத்திருக்கும், நமக்கோ தெம்பு வந்துவிட்ட மாதிரி இருக்கும். அது தெம்பு இல்லை. அதனால் மாத்திரை போட்ட மறுநாள் மனசு எவ்வளவு லேசாக இருந்தாலும், துணி காயப்போடுவது முதல் டவுனுக்குப் போவது வரை, போடாத நாளில் செய்கிற அளவுக்கு மேல் எதையும் தொடுவதில்லை.

இப்போதைக்குத் திருவிழா, தீபாவளி மாதிரி சத்தம் தாங்க முடியாத ராத்திரிகளுக்கு மட்டும் என்று டாக்டரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். தினமும் போட வேண்டிய நிலை வந்தால், எப்படி நிறுத்துவது என்பதை முதலிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்.