செவலை போன பிறகு

செவலை போய்விட்டான். நாட்டில் ஆயிரம் விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்போது தோப்பில் ஒரு நாய் செத்ததை யார் படிக்கப் போகிறார்கள் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் டீக்கடையில் வாக்காளர் பட்டியலைப் பற்றிப் பேசினாலும், பேப்பரில் தெருநாய் உத்தரவைப் படித்தாலும், சும்மா போனைத் திறந்தாலும் எல்லாம் சுற்றி வந்து அவனிடமே நிற்கிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளிப் பக்கம். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாந்தோப்பு, பெங்களூராவும் ஓரத்தில் நாலைந்து செந்தூராவும், நடுவில் ஓட்டு வீடு. அம்மா அங்கேதான் இருக்கிறார். செவலை ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை, சாதாரண நாட்டு நாய். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போன அப்பா, லாரி நிற்கிற இடத்தில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை வெங்காயப் பையில் போட்டு எக்ஸெல் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்த எக்ஸெல் சத்தம்தான் அவனுக்கு எல்லாம். வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்போதே இங்கே வாசலில் எழுந்து நிற்பான். ரோட்டில் அதே மாதிரி எத்தனையோ எக்ஸெல் போகும், அசைய மாட்டான். அப்பா இறந்த பிறகு அந்த வண்டியை நான் ஓட்டினேன், எனக்கும் அதே மரியாதை கிடைத்தது.

அப்புறம் வண்டி தேய்ந்துபோய் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன், எங்கள் போச்சம்பள்ளி சிப்காட்டிலேயே செய்கிற வண்டிதான். முதல் நாள் சாயங்காலம் சத்தமே இல்லாமல் கேட் வரைக்கும் போய்விட்டேன். செவலை துள்ளி எழுந்து என்னைப் பார்த்துக் குரைத்தான். நான் "டேய், நான்டா" என்றதும் நின்று, வண்டியை ஒரு சுற்று சுற்றி, முன் சக்கரம், கால் வைக்கிற இடம், சீட்டு என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் வாலை ஆட்டினான். சில நாட்களிலேயே சரளைக்கல் மேல் அந்த டயர் ஏறுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் இல்லாத வண்டிக்கும் ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அவன் எழுந்து நின்ற பிறகுதான் என் காதுக்கு விழுந்தது.

கார்த்திகை மழைக்குப் பிறகு சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். ஈறு வெளுத்துப்போயிருந்தது, ஒரு நாள் மூக்கில் ரத்தம். உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்கிற கிருமி, நாய் உண்ணி கடிக்கும்போது ரத்தத்துக்குள் போய்விடும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறையும், அதனால்தான் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் போலக் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம், வயசான நாய்க்குக் கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ரத்தம் ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் ஓசூருக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும், அதுவரை தாங்குவானா தெரியாது என்றார். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. செந்தூரா மரத்தடியில் குழி வெட்டி, அம்மாவின் பழைய புடவையில் சுற்றி, உப்புக் கொட்டி மூடினோம்.

ஓசூர் பக்கத்து மத்திகிரியில் 1824-லேயே கால்நடைப் பண்ணை வைத்த பூமி இது. மாட்டுக்கு ஒன்று என்றால் 1962-க்குப் போன் போடலாம், கால்நடை மருத்துவ வண்டி தேடி வருகிறது, அது பெரிய விஷயம், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய மாவட்டத்தின் அந்தக் கோடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் தோப்புக்குத் தோப்பு நாய் இருக்கிறது, எல்லாம் வேலை செய்கிற நாய்.

அவன் நோயில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம் கொடுக்க அங்கன்வாடி அக்கா வந்தார்கள். கேட்டில் நின்றே "செவலைய புடிங்கம்மா" என்று கூப்பிட்டார்கள், அவன் குரைத்துக்கொண்டே வாலையும் ஆட்டினான், தெரிந்த ஆள்தானே. அப்பா பெயர் பழைய பட்டியலில் அப்படியே இருந்தது. அம்மா, "அவரு இல்லம்மா, எழுதிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். 2025 டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன. அதில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் எத்தனை போயிற்று என்பதுதான் டீக்கடை சண்டை, அந்தச் சண்டை நியாயமானது, ஒரு ஓட்டுகூட விடுபடக் கூடாது. எனக்கு அந்த மாதத்தில் இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் பெயர் பட்டியலிலிருந்து போனதும் அப்பா கொண்டுவந்த நாய் போனதும் ஒரே சமயத்தில் நடந்தது.

செவலையும் ஒரு அரசாங்கக் கணக்கில் இருக்கிறான். 2024 அக்டோபரில் 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு தொடங்கியதே, அதற்கு வீடு வீடாக வந்தார்கள். மாடு, ஆடு, கோழி எல்லாம் கேட்டு, நாய் உண்டா என்றும் கேட்டு, போனில் ஒன்று என்று போட்டுக்கொண்டு போனார்கள். பெயர் கேட்கவில்லை, கேட்க இடமும் கிடையாது.

பெயர் கேட்டது என் போன்தான். கூகுள் போட்டோஸ் 2017-லிருந்தே நாய், பூனை முகங்களையும் அடையாளம் பார்த்துத் தனித்தனியாக அடுக்குகிறது. வெங்காயப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கருமூக்குக் குட்டியையும், முகவாயெல்லாம் நரைத்த கிழவனையும் ஒரே நாய் என்று அதுவாகவே கண்டுபிடித்து ஒரே இடத்தில் வைத்திருந்தது. இதற்கு நான் நன்றிதான் சொல்வேன். அந்த வரிசையைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தால் ஓரத்தில் எங்கேயாவது அப்பாவின் கை இருக்கும், இல்லை லுங்கி நுனி இருக்கும்.

ஆனால் அக்கா மகன் செய்துகொடுத்ததைத்தான் பார்க்க முடியவில்லை. பிரியத்தில்தான் செய்தான், திட்டவில்லை. ஒரே ஒரு போட்டோவை ஏஐயில் கொடுத்து, செவலை எழுந்து ஓடிவருகிற மாதிரி வீடியோ எடுத்து, "மாமா, பாருங்க" என்று அனுப்பினான். செவலைக்கு இடது காது எப்போதும் மடங்கித்தான் இருக்கும், குட்டியில் ஏதோ கடித்தது. வீடியோவில் ஓட ஆரம்பித்ததும் இரண்டு காதும் நட்டமாக நிற்கிறது. அம்மாவிடம் காட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி காட்டுகிற இந்த வித்தை நமக்கு இன்னும் பழகவில்லை. தேர்தலுக்கு இறந்துபோன தலைவர்களையே பேச வைத்து வீடியோ விடுகிறார்கள். காது மடங்கியிருந்தது என்று தெரிந்த வீட்டுக்காரன் கண்டுபிடிப்பான், தெரியாதவன் என்ன செய்வான்?

அடுத்து கேமரா. தோப்பு மோட்டாரின் செம்புக் கேபிளை அறுத்துக்கொண்டு போவது இந்தப் பக்கம் சகஜம், அம்மா தனியாக இருக்கிறார், வேறு வழியில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா, "நாய் போனா என்னாப்பா, சிம் போட்ட கேமரா ஒன்னு மாட்டிடு" என்றார், மாட்டினேன். மட்டை விழுந்தாலும் ஆந்தை பறந்தாலும் ராத்திரி முழுக்க போன் அடிக்கிறது. செவலை குரைத்தால் அம்மாவுக்குப் பாஷை தெரியும், பாம்புக்கு ஒரு குரைப்பு, ஆளுக்கு ஒரு குரைப்பு, வெளியூர் நாய்க்கு வேறு. "அது என்னையே பாத்துகிட்டு இருக்குது, கூப்பிட்டா வருமா" என்று கேட்கிறார் அம்மா. கேமரா தேவைதான், ஆனால் அதை மாட்டிவிட்டால் செவலையின் இடம் நிரம்பிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், மாடுகளைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு வைத்த கற்கள். ஊத்தங்கரை தாண்டி அந்தப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்கிற வீரனின் கல். பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று. 1,400 வருஷத்துக்கு முன்னால் எருமை மேய்த்த ஊர்க்காரர்கள், நாய்க்கும் பெயர் உண்டு, அதையும் எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு நாய் என்றாலே சண்டைதான். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லியில் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதி கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடலாம் என்று மாற்றியது, நவம்பர் 7-ல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களிலிருந்து பிடிப்பதைத் திரும்ப அங்கே விடாதே என்றது. நான் நாய் வளர்த்தவன் என்பதற்காகக் கடிபட்டவர்களை மறக்க முடியாது. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 4.8 லட்சம் பேருக்கு நாய்க்கடி. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாகக் கிடையாது, ஆனால் கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, ஊசியைத் தவறாமல் போட்டால் தடுத்துவிடலாம். நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போட்டால் இன்னும் முன்னாலேயே தடுத்துவிடலாம். 2023-ல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் இந்த வேலையை உள்ளாட்சியிடம்தான் கொடுத்திருக்கின்றன. எங்கள் உள்ளாட்சியில் ஆள் எங்கே? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, அன்றிலிருந்து தனி அலுவலர்தான். தெருவிளக்குக்கே அலைகிறோம்.

இருந்தாலும் ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன். ஊராட்சியில் இருக்கிற எல்லா நாய்க்கும், வீட்டு நாய் தெருநாய் பார்க்காமல், வருஷம் ஒரு தடவை ரேபிஸ் ஊசி முகாம் போட வேண்டும். தெருநாய்க் கருத்தடைக்கு ஒன்றிய அளவில் ஓர் இடம் வேண்டும். போச்சம்பள்ளியிலேயே நாய்க்கு ரத்தம் பார்க்க ஏற்பாடு வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பதாக முடிவு. அம்மாதான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நம் பக்கத்து ஊர்க்காரர்கள் அவரவர் ஊராட்சியிலும் இதே மனுவைக் கொடுப்பதாக இருந்தால் நகல் தருகிறேன், கேளுங்கள்.