புலிபாய்ந்தகல்லுக்கு அப்பால்: ஊனுண்ணிகளைத் தேடிய இரண்டு கச்சான் காலங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த எனக்கு, ஆய்வுத் தலைப்பைத் தெரிவு செய்வதில் அதிகம் யோசனை இருக்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் எந்தெந்த ஊனுண்ணி விலங்குகள் எந்தெந்த வாழிடங்களில் இன்றும் இருக்கின்றன என்பதே நான் எடுத்துக்கொண்ட கேள்வி. ஓர் ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டிருந்த அந்த வேலைக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை இதே வழியில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதல் அடி நூலகத்திலேயே விழுந்தது. இலங்கையின் ஊனுண்ணிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடினால், அவற்றில் பெரும்பங்கு சிறுத்தையைப் பற்றியதாகவும், சிறுத்தையைப் பற்றியவற்றில் பெரும்பங்கு யால, வில்பத்து ஆகிய தேசியப் பூங்காக்களைச் சார்ந்ததாகவும் இருப்பதைக் காணலாம். வில்பத்துவில் ஐசன்பேர்க், லொக்ஹார்ட் ஆகிய இருவரும் நடத்திய சூழலியல் ஆய்வு 1972இல் வெளிவந்தது. யால எனப்படும் ருகுணு தேசியப் பூங்காவின் சிறுத்தைகளைப் பற்றிய கட்டுரையைச் சார்ள்ஸ் சந்தியாப்பிள்ளையும் நடராஜன் இஷ்வரனும் இன்னொருவரும் சேர்ந்து 1982இல் எழுதினார்கள். நம்மவர் பெயர்களை அங்கே கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் 2000 அளவிலிருந்து அன்ட்ரூ கிட்டில், அஞ்சலி வட்சன் ஆகியோர் யாலவிலும் மலைநாட்டிலும் தொடர்ந்து செய்துவரும் வேலை இருக்கிறது. கரடியைப் பொறுத்தவரை ஷ்யாமளா ரத்நாயக்கவும் அவருடைய குழுவினரும் நாடு முழுவதும் விசாரித்து, கரடி வாழும் பரப்பு இலங்கையின் நிலப்பரப்பில் 17 சதவீதத்துக்கும் குறைவு என்று 2007இல் எழுதினார்கள். இவற்றையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது கிழக்குக் கரை ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை: கிழக்கின் காடுகளுக்குள் 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை ஆய்வாளர் எவரும் நிம்மதியாகக் கால் வைத்திருக்க முடியாது. அம்பாறையின் தெற்கு எல்லையிலுள்ள குமண பூங்காகூட 1985இல் மூடப்பட்டு 2003இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

அந்த வெறுமையை நான் பிழையாக வாசித்தேன். என் முதல் வரைவின் அறிமுகத்தில், “மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரப் பிரதேச செயலகப் பிரிவுகளில் சிறுத்தை இல்லை” என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டு, “யார் தேடினார்?” என்று இரண்டே சொற்களை எழுதித் திருப்பித் தந்தார். என் ஆய்வின் மீதி முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குப் பதில் தேடியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சிறுத்தையை மட்டும் தேடவில்லை. இலங்கையில் நான்கு வகைப் பூனையினங்கள் காட்டில் வாழ்கின்றன: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை. கடைசியாகச் சொன்னது உலகின் மிகச் சிறிய பூனையினங்களில் ஒன்று. முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைச் சற்றுத் தாண்டினால் அதிகம். இவற்றோடு நரி, கரடி, நீர்நாய், நான்கு வகைக் கீரிகள், புனுகுப்பூனை, மரநாய் ஆகியவற்றையும் சேர்த்தால் பட்டியல் நீளும். புலி, ஓநாய், செந்நாய் ஆகியவை இல்லாத தீவு என்பதால் சிறுத்தையே இங்கே உச்ச ஊனுண்ணி. ஆனால் வாவிக்கரைக்கும் வயலுக்கும் அண்மையில் அன்றாடம் நம்மோடு வாழ்ந்துகொண்டிருப்பவை சிறியவைதாம். அவற்றைப் பற்றித்தான் எழுத்தில் மிகக் குறைவாக இருந்தது. மீன்பிடிப் பூனையை உலக அளவில் அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. கொழும்பின் ஈரநிலங்களில் அதற்குக் கழுத்துப்பட்டி அணிவித்து நடமாட்டத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் எங்கள் வாவியின் கண்ணாக்காடுகளில், அதாவது கண்டற்காடுகளில், அது எங்கே படுத்துறங்குகிறது என்பதைக் கேட்பாரில்லை.

அனுமதி பெறும் கட்டத்தில் நேர்ந்த தாமதத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. பாதுகாக்கப்பட்ட பிரதேசத்திலும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் மீதும் ஆய்வு செய்வதானால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியதாயின் அங்கேயும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு திணைக்களங்கள் என்பது தெரிந்திருந்தும், என்னுடைய இடங்களில் எது எவருடைய நிலம் என்பதைப் பார்க்காமல் ஒரே விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஆள்கூறுகளும் வரைபடமும் இணைக்கவில்லை. எச்சங்களை, அதாவது விலங்குகளின் மலத்தை, சேகரிப்பதும் மாதிரி எடுப்பதாகவே கருதப்படும் என்பதை யோசிக்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்து, திருத்தி மீண்டும் அனுப்பி, பதில் கைக்கு வருவதற்குள் மாரி தொடங்கிவிட்டது. மாரியில் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வீதி வெள்ளத்தில் மூழ்கி, ஊர்மக்களே தோணியில் போய்வர வேண்டியிருக்கும் நாட்களில், விலங்குகளைப் படமெடுக்கக் காட்டில் கட்டிவைக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒரு முழு ஆண்டு இப்படிப் போயிற்று.

அந்த ஆண்டை வீணாக்காமல் நேர்காணல்களைத் தொடங்கினேன். பட்டிகளில் மாடு மேய்ப்பவர்கள், வயற்காவலுக்குப் பரணில் படுப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், வாவியில் இரவில் வலை போடுபவர்கள் ஆகியோரிடம் விலங்குப் படங்கள் கொண்ட அட்டைகளைக் காட்டி, எதைக் கண்டீர்கள், கடைசியாக எப்போது, எங்கே என்று கேட்பதே முறை. புலிபாய்ந்தகல் பக்கம் ஒரு பட்டிக்கார ஐயாவிடம் பேச்சு வாக்கில் “இந்தப் பக்கம் புலி இருக்கா ஐயா?” என்று கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்தப் புலியக் கேக்கிறாய் மனே?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. ஊரின் பெயரிலேயே புலி பாய்ந்திருக்கிறது, பேச்சு வழக்கிலும் சிறுத்தையைப் புலி என்றே சொல்கிறோம்; ஆனாலும் கையில் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நிற்கும் அந்நியன் ஒருவனின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது அது வேறு கேள்வியாகிவிடுகிறது. அன்றிலிருந்து அட்டையை முதலில் நீட்டி, பெயரை அவர்களே சொல்லட்டும் என்று காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அட்டைகளுக்குள் இலங்கையில் இல்லாத கழுதைப்புலியின் படம் ஒன்றையும் செருகி வைத்திருந்தேன். சொல்பவரின் நம்பகத்தன்மையை அளக்க ஆய்வாளர்கள் கையாளும் வழி இது. அதையும் கண்டதாகச் சிலர் உறுதியாகச் சொன்னார்கள். அவர்களுடைய பதில்களைப் பகுப்பாய்வில் சேர்க்கவில்லை. ஆனால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் வலுவானது. நரியின் படத்தைக் காட்டினால் பேச்சு நரிக்கொம்புக்குப் போய்விடும். அதை வைத்திருந்தால் வழக்கு வெல்லும், காரியம் கைகூடும் என்ற நம்பிக்கையைப் பற்றிய கதைகளைக் கேட்டு முடித்த பின்புதான் நரி ஊளையிடும் இடத்தைக் கேட்க முடியும்.

கமரா வைப்பதற்கு மூன்று வகை வாழிடங்களை எடுத்துக்கொண்டேன்: வாவியோரக் கண்ணாக்காடு, உன்னிச்சைக் குளத்துக்குக் கீழுள்ள வட்டைகளின், அதாவது வயல்வெளிகளின், ஓரம், கிரானுக்கு மேற்கேயுள்ள பற்றைக்காடு. கையில் இருந்தவை எட்டுக் கமராக்கள். இந்தக் கமரா வெப்பத்தையும் அசைவையும் சேர்த்து உணர்ந்து தானாகப் படமெடுப்பது; அதாவது விலங்கின் உடற்சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் வேறுபாடு இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். குளிர்நாட்டுக் கையேட்டை வைத்துக்கொண்டு வேலை தொடங்கிய எனக்கு இது உறைக்கவில்லை. ஆடி, ஆவணியில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும்போது அந்த வேறுபாடு மிகவும் குறைந்துபோகும். கமராவின் முன்னால் கீரி நின்று சோம்பல் முறித்தாலும் அது பேசாமல் இருக்கும். அதற்கு மாறாக, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் சூடேறிய புல் அசைவதற்கெல்லாம் படமெடுக்கும். முதல் வாரம் முடிவில் ஒரு கமராவின் நினைவக அட்டையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன; அவ்வளவும் புல். அதன்பின் கமராவுக்கு முன்னால் மூன்று மீற்றர் தூரத்துக்குப் புல்லை வெட்டித் துப்புரவாக்கினேன். காலை, மாலை வெயில் நேரே விழாதபடி வடக்கு அல்லது தெற்குப் பார்த்துக் கட்டினேன்.

உயரமும் எனக்குப் பாடம் கற்பித்தது. சிறுத்தைக்கு ஏற்றபடி முழங்கால் அளவில் கட்டியிருந்த கமராவில் புனுகுப்பூனையின் முதுகு மட்டும் ஒரு கோடாக விழுந்திருந்தது. தரையிலிருந்து 30 சென்றிமீற்றருக்கு இறக்கிய பின்புதான் சிறிய விலங்குகள் முழுதாகத் தெரிந்தன. சிறுத்தையின் உடலின் இரு பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இராது. தனி விலங்கை அடையாளம் காண்பதற்கு அந்தப் புள்ளிகளே ஆதாரம் என்பதால், ஓர் இடத்துக்கு இரண்டு கமராக்களை எதிரெதிரே வைப்பது நல்லது. எட்டை நான்கு சோடியாக்கினால் இடங்கள் பாதியாகும். எத்தனை விலங்குகள் என்பதைவிட எங்கே இருக்கின்றன என்பதே என் கேள்வி என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று என்று முடிவெடுத்தேன். ஒரு கமராவை யானை பிடுங்கி மிதித்தது. இன்னொன்று காணாமற்போனது, அதை எடுத்தவருக்குப் பன்றிக்குக் கண்ணி வைக்கும் பழக்கம் இருந்திருக்கலாம், தன் முகம் அதில் விழுந்துவிட்டது என்று அஞ்சியிருக்கலாம்.

இரண்டு கச்சான் காலங்களில் என் கமராக்களில் அதிகம் பதிவான ஊனுண்ணி வீட்டு நாய்தான். இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் ஆய்வில் இது முக்கியமான பெறுபேறு. கூட்டமாகத் திரியும் நாய்கள் விசர்நோயையும் வேறு தொற்றுகளையும் காட்டு ஊனுண்ணிகளுக்குக் கொண்டுபோகக்கூடியவை. அதற்கடுத்து நரி, கீரி, மரநாய், காட்டுப் பூனை ஆகியவை வந்தன. கண்ணாக்காட்டில் முப்பத்தேழாவது இரவில், அதிகாலை மூன்று மணிக்கு, குட்டை வாலும் தடித்த கழுத்துமாக மீன்பிடிப் பூனை ஒன்று நீரோரத்தில் குந்தியிருந்தது. முப்பதாவது இரவோடு கமராவைக் கழற்றியிருந்தால் அந்த இடத்துக்கு நான் ‘இல்லை’ என்று எழுதியிருப்பேன்.

அந்தப் படம்தான் புள்ளிவிபரவியல் அத்தியாயத்தை எனக்குப் புரியவைத்தது. ஒரு விலங்கு அங்கே இருந்தும், ஓர் இரவில் அது கமராவில் படும் வாய்ப்பு 5 சதவீதம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 20 இரவுகள் கமரா இருந்தும் அது ஒருமுறையும் படாமற்போகும் வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம். அதாவது மூன்று இடங்களில் ஓர் இடத்தில் நாம் ஏமாந்துபோவோம். 60 இரவுகளானால் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 60 இரவுகள் என்று இரண்டாவது ஆண்டில் திட்டத்தையே மாற்றினேன். இடங்களின் எண்ணிக்கை குறைந்ததற்காக ஒரு கருத்தரங்கில் கண்டிக்கவும்பட்டேன். ஆய்வேட்டின் அட்டவணைகளில் ‘இல்லை’ என்ற சொல் எங்கும் இடம்பெறவில்லை. ‘பதிவாகவில்லை’ என்றும், பக்கத்திலேயே எத்தனை இரவுகள் என்றும் எழுதினேன்.

எச்சங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுவி, காயவைத்து, அதிலுள்ள மயிரின் பதிவை நகப்பூச்சில் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது பொறுமையைத் தின்னும் வேலை. எலிமயிர் ஏராளமாக இருந்தது. வட்டைக்காரர்களிடம் சொல்லி, இந்தப் பூனைகள் உங்கள் நெல்லைக் காக்கின்றன என்று பேசுவதற்கு அது உதவிற்று. ஆனால் எச்சம் நாயுடையதா, நரியுடையதா என்பதில் நிச்சயமில்லாதவற்றையெல்லாம் ஒதுக்கியபோது, சேகரித்ததில் பாதிக்கும் குறைவே எஞ்சியது. மரபணுச் சோதனைக்குப் பணம் இருக்கவில்லை.

சிறுத்தை என் கமரா எதிலும் பதிவாகவில்லை. மேற்கே, குடும்பிமலைப் பக்கத்துப் பட்டிகளில் கன்றுகளைச் சிறுத்தை அடித்ததாக, கழுதைப்புலி அட்டையைச் சரியாகத் தள்ளிவைத்த ஐந்து பேர் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன இடங்களை ஆய்வேட்டில் பிரதேச செயலகப் பிரிவு அளவோடு நிறுத்திக்கொண்டேன்; கண்ணியும், விலங்கு தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் புழங்கும் காட்டுக்கு ஆள்கூறு எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு பரீட்சகர் அதைக் குறையாகச் சுட்டினார், நான் திருத்தவில்லை.

எஞ்சிய ஆறு கமராக்களும் இப்போது வீட்டில், அரிசிப் பேணிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. குடும்பிமலைக்குக் கிழக்கே வைப்பதற்கான விண்ணப்பங்களை இம்முறை இரண்டாகப் பிரித்து, ஆள்கூறுகளும் வரைபடமும் இணைத்துத் தை மாதத்திலேயே அனுப்பிவிட்டேன். பட்டிக்கார ஐயா கன்று விழுந்த இடத்தைக் காட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார், வெள்ளம் வடிந்து வீதி தெரியத் தொடங்கியதும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும்.