உப்பு பூக்கும் மாலை: கெராந்து உப்பளங்களில் இரண்டு நாள்கள்

பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்தில் காலையில் ஏறிய விரைவு ரயில், நாந்த் நகரைக் கடந்து மேற்கு நோக்கி ஓடி, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்துக்குப் பிறகு, தண்டவாளமே முடிந்துபோகும் லெ குருவாசிக் என்னும் அட்லாண்டிக் கரையோரச் சிற்றூரில் நின்றது. அதற்கு முந்தைய ஊரான பா-சுர்-மேரை நெருங்கும்போதே வலப்பக்கச் சன்னலில் வீடுகள் விலகிவிட்டன. வளைந்து நெளிந்த களிமண் வரப்புகளுக்கு நடுவே, வானத்தின் நிறத்தை அப்படியே ஏந்திக்கொண்டு, நூற்றுக்கணக்கான நீர்ப்பாத்திகள் கிடந்தன. அவற்றைப் பார்ப்பதற்காகவே அவ்வளவு தொலைவு வந்திருந்தேன்.

நறுமண உப்புகளை வீட்டிலேயே செய்யும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. தைம் இலை கலந்தது, எலுமிச்சைத் தோல் கலந்தது, மிளகாய் கலந்தது என்று பல புட்டிகளை நிரப்பியிருக்கிறேன். அவற்றுள் பாதி ஏமாற்றமாகவே முடிந்தது. பச்சைத் தைம் இலையை நறுக்கித் தூளுப்பில் கலந்து மூடிவைத்த புட்டி நான்காம் நாளே நீர்விட்டுக் கறுத்தது. எலுமிச்சை உப்போ ஒரு மாதத்தில் மணமெல்லாம் இழந்து வெறும் மஞ்சள் உப்பாக நின்றது. ஒவ்வொரு முறையும் இலையையும் தோலையும் மாற்றிப் பார்த்தேனே தவிர, உப்பை மாற்றிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. உப்பைப் பற்றி ஒன்றும் அறியாமலே உப்பில் கைவைக்கிறோம் என்ற எண்ணம் உறுத்தத் தொடங்கிய பிறகுதான், இன்றும் கையாலேயே உப்பு வாரும் கெராந்து உப்பளங்களுக்குச் செல்வதென முடிவு செய்தேன்.

முதல் வேலையாகப் பா-சுர்-மேரில் உள்ள புனித கெனோலே தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறினேன். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்திலிருந்து பார்த்தால், ஒருபுறம் திறந்த கடலும், மறுபுறம் சுமார் 2,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்த உப்பளங்களும், அவற்றுக்கு அப்பால் மேட்டில் மதில் சூழ்ந்த கெராந்து நகரமும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. கீழே நடக்கும்போது குழப்பமாகத் தெரியும் வரப்புகள் மேலிருந்து பார்க்கையில் தெளிவான ஓர் ஒழுங்கைக் காட்டின. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் பெருகும் நாள்களில், மதகைத் திறந்து வாய்க்கால் வழியே முதல் குளத்தை நிரப்புகிறார்கள். அங்கே சேறு படிந்து தெளிந்த நீர், பாத்தி பாத்தியாகச் சுற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்டிக்கொண்டே கடைசிப் பாத்தியை அடைகிறது. பம்பு எதுவும் இல்லை. தரையின் மிக நுண்ணிய சரிவே நீரை நடத்திச் செல்கிறது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பைக் கொண்டு புறப்பட்ட கடல்நீர், கடைசிப் பாத்தியில் 250 கிராமைத் தாண்டி அடர்ந்த பிறகே மணி கட்டத் தொடங்கும்.

அந்தக் கடைசிப் பாத்தியை அங்கே ‘ஓயே’ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்குச் சிறு கண் என்று பொருள். நீர்நிலையைக் கண்மாய் என்று அழைக்கும் மொழியில் பிறந்த எனக்கு, அச்சொல்லைக் கேட்டவுடனே அந்த மண்ணோடு ஒரு நெருக்கம் உண்டாயிற்று.

மாலை ஐந்து மணியளவில், உப்பளத்தில் தொழில் செய்யும் ஒரு பெண்மணியோடு வரப்பில் நடக்கும் வாய்ப்பு கிடைத்தது. உப்பு வாருபவரை இவ்வட்டாரத்தில் ‘பாலுதியே’ என்பார்கள், பெண்ணாயின் ‘பாலுதியேர்’. அவருடைய கையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் பலகை பொருத்திய, பல்லில்லாத வாருபலகை. பாத்தியின் அடியில் படியும் கல்லுப்பை, களிமண் கலங்காதபடி, நீரையே அலையாகத் தள்ளி அதன்வழி உப்பைத் திரட்டி, வரப்பின் நடுவிலுள்ள வட்டமான மேடைக்கு ஏற்றுவது அதன் வேலை. அங்கே இரவு முழுவதும் நீர் வடிந்த பிறகு மறுநாள் அது தள்ளுவண்டியில் ஏறும். களிமண்ணின் சாயல் தங்குவதால் அந்த உப்பு சாம்பல் நிறமாக இருக்கிறது. அதைக் கழுவி வெளுக்க வைப்பதில்லை.

மற்றொரு கருவி மெல்லிய, தட்டையான ஏடெடுக்கும் பலகை. அதைக் கொண்டு எடுப்பதுதான் உலகம் ‘ஃப்ளர் தெ செல்’ என்று கொண்டாடும் உப்புப் பூ. வெயில் நிறைந்த நாளின் பிற்பகலில், உலர்ந்த காற்று மெல்ல வீசும்போது, பாத்தியின் நீர்ப்பரப்பில் காய்ச்சிய பாலின் ஆடையைப் போல மெல்லிய படலம் ஒன்று கட்டுகிறது. காற்று அதை ஒரு கரையோரமாக ஒதுக்கிவிடுகிறது. அது அடியில் அமிழ்வதற்குள், நீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பலகையை ஓட்டி எடுத்துவிட வேண்டும். காற்று வலுத்தாலோ ஈரமானாலோ அன்றைக்குப் பூ இல்லை. முற்காலத்தில் இவ்வேலையைப் பெண்களே செய்தார்கள். சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல் எவ்வளவு துல்லியமானது என்பதை, அந்தப் படலம் என் கண்ணெதிரே விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்தபோது உணர்ந்தேன். பூக்கிறது என்பதைத் தவிர வேறு சொல் அதற்குப் பொருந்தாது.

அவர் தம் உள்ளங்கையில் சிறிது அள்ளிக் கொடுத்தார். இளஞ்சிவப்பு ஓடிய வெண்மை. விரலால் நசுக்கினால் நொறுங்கிய பிறகும் ஈரம் தெரிந்தது. நாவில் வைத்ததும் உவர்ப்பு அறையவில்லை. சற்றே தாமதித்து வந்து, மெல்லக் கரைந்து, விலகியது. என் புட்டிகள் ஏன் கெட்டன என்பதற்கு விடை அந்த ஈரத்தில்தான் இருந்தது. சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் உப்புகள் சிறிதளவு தங்கிவிடுகின்றன. அவை காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்தை விடாத உப்பில் ஈரமுள்ள இலையையும் சேர்த்தால், இலையின் நீரை உப்பு வெளியே இழுக்க, இரண்டும் சேர்ந்து ஊறி அழுகலின் பக்கம் போகின்றன. நான் பயன்படுத்திய தூளுப்புக்கும் பச்சை இலையின் நீரைத் தாங்கும் இடம் இல்லை.

சாலையோரம் இருந்த அவருடைய சிறு மரக்குடிலின் மேசையில் நறுமண உப்புகள் வரிசையாக இருந்தன: கடற்பாசி கலந்தது, தோட்ட மூலிகைகள் கலந்தது, பாஸ்க் நாட்டு எஸ்பெலெத் மிளகாயின் செம்பொடி கலந்தது. மணப்பொருள் உப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே ஒழிய உப்புக்குள் கரைந்துவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அதனால் பூவுப்போடு சேர்க்கும் எதையும் அவர் தனியே சருகாகும் வரை நிழலில் உலர்த்திய பிறகே, உடைந்துவிடாமல், கையால் புரட்டிச் சேர்க்கிறார். அரவை இயந்திரத்தில் போட்டால் பூவுப்பின் மெல்லிய படிகம் தூளாகிவிடும். பிறகு அதற்கும் சாதாரண உப்புக்கும் நாவில் வேறுபாடு தெரியாது. அவ்வளவு பாடுபட்டு ஏடெடுத்ததை அரைத்துக் கெடுப்பது எனக்கும் பெரும் வீண்செயலாகவே படுகிறது.

பச்சை இலையோடு சேர்த்தே செய்ய விரும்பினால் அதற்கு உரியது சாம்பல் நிறக் கல்லுப்பு. அதைத் தட்டில் பரப்பி, ஓவனின் மிகக் குறைந்த சூட்டில் முதலில் உலர்த்தி, பிறகு ரோஸ்மேரி அல்லது தைம் இலையோடு கல்லுரலில் இடித்து, மறுபடியும் பரப்பி உலரவிட வேண்டும். இவ்விரண்டும் உலர்ந்தாலும் மணத்தை விடாதவை. துளசி இனத்து பேசிலும் பார்ஸ்லியும் உலரும்போதே பெரும்பகுதி மணத்தை இழப்பதால் அவற்றில் மெனக்கெடுவதில் பயனில்லை என்பதே என் முடிவு. எலுமிச்சைக்குச் சூடே ஆகாது. வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் சீவி, உப்போடு விரல்களால் கசக்கினால் தோலின் எண்ணெய் உப்பில் ஏறும். அதை அறையின் காற்றிலேயே ஓரிரு நாள் உலரவிட்டு, சிறு புட்டியில் அடைத்து, சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நான் அதை ஒரு மாதம் அடுப்பருகே வைத்திருந்தேன்.

இரவு உணவுக்கு, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் உப்பு வெண்ணெயும் வந்தன. பிரான்சின் பெரும்பகுதி ‘கபெல்’ என்னும் உப்பு வரியால் நசுங்கிக்கிடந்த காலத்தில், கெராந்தும் அடங்கியிருந்த பிரித்தானி (Bretagne) வட்டாரம் அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. உப்பு மலிவாகக் கிடைத்ததால் இங்கே வெண்ணெயில் உப்பிடும் பழக்கம் வேரூன்றியது. வரி 1790-இல் ஒழிந்தது. வெண்ணெய் இன்னும் உப்போடுதான் இருக்கிறது. அந்தக் கிழங்கைப் பிளந்து, வெண்ணெய் உருகியதும், கடற்பாசி உப்பை மேலே ஒரு சிட்டிகை தூவினேன். கரையாத மணிகள் பல்லில் நறுக்கென்று பட்ட இடத்திலெல்லாம் பாசியின் மணம் எழுந்தது. இதே உப்பை உலைநீரில் போட்டிருந்தால் படிகமும் மணமும் ஒருங்கே போயிருக்கும். கொதிக்கும் பானைக்கு அயோடின் சேர்த்த அன்றாட உப்பே போதும், அதுவே தேவையும்கூட. பூவுப்பில் அயோடின் சேர்ப்பதில்லை.

மறுநாள் விடியலில் மழை. சைக்கிளில் உப்பளத்துக்குப் போனபோது பாத்திகளின் மேல் நன்னீர் நின்றது. முந்திய மாலை பார்த்த படலத்தின் சுவடுகூட இல்லை. அந்தப் பெண்மணி வரப்பில் நின்று மதகுப் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மழைநீர் வடிந்து, உப்புநீர் மறுபடியும் அடர, வெயில் காய்ந்தாலும் சில நாள்கள் ஆகும் என்றார். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குறுகிய பருவத்தில் அந்தச் சில நாள்கள் எவ்வளவு பெரியவை என்பதை அவருடைய முகமே காட்டியது. 2012-இல் கெராந்து உப்புக்குக் கிடைத்த ஐரோப்பியப் புவிசார் குறியீடு அதன் பெயரைக் காக்கிறது. வானத்திடமிருந்து காக்க எதுவும் இல்லை.

அவரிடம் வாங்கிய பூவுப்பு முந்தைய கோடையில் எடுத்தது. வீடு திரும்பியதும், சருகாக உலர்த்திய தைம் இலையை ஐந்துக்கு ஒன்று என்ற எடையளவில் அதோடு கையால் புரட்டிப் புட்டியில் அடைத்தேன். ஏழு வாரங்களாகின்றன. மூடியைத் திறந்தால் முதலில் இலையின் மணம் வருகிறது. விரலிட்டால் மணிகள் இன்னும் இலேசாக ஈரமாக இருக்கின்றன, இலை மட்டும் உலர்ந்தே இருக்கிறது.