மூக்கில்லாத ஜீப்பும் கோத்தகிரியும்

எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்பது மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப். பானெட்டே கிடையாது, டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார், எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதை மூக்கில்லாத ஜீப் என்பார்கள். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் கொண்டுவந்த மாடல், அங்கே 1965ல் நிறுத்திவிட்டார்கள், இங்கே மஹிந்திரா எடுத்துச் செய்தது. வீல்பேஸ் 81 அங்குலம்தான், சாதாரண ஜீப் அளவு, ஆனாலும் பானெட் இல்லாததால் பின்னால் ஆறடிக்கு நீளமான தொட்டி கிடைத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பும், காரட் மூட்டையும் ஏற்றும். இந்த நாட்டில் நான் காலூன்றியதில் இந்த வண்டிக்குப் பங்கு இருக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. எங்கள் குடும்பம் இந்தியப் பக்கம் வந்தது. 1973, 74ல் தோட்டங்களில் பட்டினி, 1977ல் கலவரம், அதற்கப்புறம் அப்பா தாமதிக்கவில்லை. 1979ல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், முகாமில் ஒரு குடும்ப அட்டை, கடைசியில் கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அந்தத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கினார்கள், 1976ல் அது டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. காகிதத்தில் நாங்கள் தாயகம் திரும்பியவர்கள். எனக்கோ பதினேழு வயது, நான் கண்ணால் பார்த்தே இராத நாடு. காசு வேறு, பஸ்ஸில் காதில் விழுகிற பேச்சு வேறு, ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த எங்கள் வீட்டில் ஒரு தேங்காய் வாங்கக் கணக்குப் பார்த்தோம். குளிரும் தேயிலையும்தான் பழகினவை.

அப்பா தலவாக்கலையில் தோட்டத்து லொறி கராஜில் வேலை பார்த்தவர். இங்கே அவர் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள், பேசாமல் வாங்கிக்கொண்டார். கூடக் கொண்டுவந்த தகரப் பெட்டியில் சாக்குத் துணியில் சுற்றி ஒரு ஸ்பேனர் செட் வைத்திருந்தார். எல்லாம் விட்வொர்த் அளவு, அங்கே ஓடியவை பழைய பிரிட்டிஷ் லொறிகள் அல்லவா. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட்டின் தடிமன். ஜீப் அமெரிக்க வண்டி, அதன் ஸ்பேனரில் பொறித்திருப்பது நட்டின் அகலம். மரையின் கோணம்கூட ஒன்றில்லை, அதில் 55 டிகிரி, இதில் 60. ஜீப்பின் அரை அங்குல நட்டில் அப்பாவின் கால் அங்குல ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் வழுக்கி நட்டின் முனையைத் தின்றுவிடும். 3/16 என்று பொறித்த சின்ன ஸ்பேனர் ஒன்று மட்டும் ஜீப்பின் 7/16 நட்டில் நன்றாக உட்காரும், ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்குகூட வராது. அந்த ஸ்பேனர் கொட்டகைப் பலகையில் தொங்குகிறது, எடுத்துப் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோத்தகிரி பஜாரில் ஒரு பட்டறையில் மேஸ்திரி என்னைச் சேர்த்துக்கொண்டார். சர்டிபிகேட் எதுவும் கேட்கவில்லை. ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கொடுத்துக் கழற்றிக் கழுவி மாட்டச் சொன்னார், மாட்டினேன், நாளைக்கு வா என்றார். அந்தப் பட்டறைக்குத்தான் அரவேணுப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு கவுடர் இந்த எஃப்.சி. பிக்கப்பைக் கொண்டுவருவார். முட்டைக்கோசும் காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுவார். வீல் சிலிண்டர் ஒழுகுவது இந்த வண்டியின் தீராத வியாதி, அதைச் சரி செய்து கொடுத்த அன்றைக்கு, “சிலோன் தம்பி, நீயும் ஏறு, வழியில நின்னா யாரு பாக்கறது?” என்று கூட்டிப்போனார். அப்புறம் லோடு போகும்போதெல்லாம் நான்தான் துணை. விடியற்காலைக் குளிரில் எஞ்சின் பெட்டியின் சூடு காலில் ஏறும், அந்தச் சுகம் வேறு எந்த வண்டியிலும் கிடையாது. குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனில் யானை நிற்கும், கவுடர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். எந்த மண்டியில் எடை ஒழுங்கு, எந்த ஹட்டியில் யார் பெரியவர், பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லோரும் ஏன் வெள்ளை உடுத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பயணங்களில் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சிலோன்காரனுக்குக் கடன் இல்லை என்று சொன்ன ஒரு கடையில், இது நம்ம பையன் என்று அவர் சொன்ன பிறகு என் பேருக்குக் கணக்கு எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு முகாம் அட்டையைவிடக் கனம் அதிகம். நான் இந்த ஊர்க்காரனானது அன்றைக்குத்தான் என்று சொல்வேன்.

கவுடர் காலமாகி வெகுநாளாகிறது. வண்டி அவர் வீட்டுப் பின்புறம் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. மகன் பெங்களூரில் இருக்கிறார், இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எடை விலையைக் கொடுத்துக் கயிறு கட்டி இழுத்துவந்தேன்.

டிங்கரிங் வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். வெளியே பார்க்க நன்றாக இருந்த கேபின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டினால் ஓட்டையை மறைக்கப் பூசின பட்டிப் பசைதான் உதிர்ந்தது, உள்ளே தகடே இல்லை. அழுகினதை நல்ல தகடு வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டும், மேலே பட்டி பூசி மறைப்பது வண்டிக்குச் செய்கிற துரோகம். சேஸிஸில் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தையும் அப்படியே செய்தோம். பெயிண்டுக்குக் காலம் பார்க்க வேண்டும். கோத்தகிரி தொட்டபெட்டாவின் கிழக்கே இருப்பதால் ஜூன், ஜூலை மழையை அந்தச் சிகரம் தடுத்துவிடும், எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஈரக் காற்றில் என்.சி. பெயிண்ட் (சீக்கிரம் காய்கிற வகை) அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தை கடைசியில் தொடங்கி மாசியில் முடித்தேன், பழைய சாம்பல் பச்சை நிறத்தையே அடித்தேன்.

எஞ்சின் ஹரிக்கேன், நாலு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல். இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்சாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்கிலேயே. டாப்பெட் இடைவெளி இன்லெட்டுக்கு 18 தௌ, எக்சாஸ்டுக்கு 16 தௌ, ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டீசல் எஞ்சின் போட்டுவிடு என்று சொல்லாத ஆள் இல்லை, நீலகிரியில் முக்கால்வாசி பழைய ஜீப்புக்கு அந்த கதிதான். நான் மாட்டேன் என்றேன். ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒன்று என்பது ஒரு காரணம், இதன் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம் என்பது இன்னொரு காரணம். கோயம்புத்தூரில் சிலிண்டரைக் கடைந்து போரிங் பண்ணி, உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து வாட்டர் பம்ப்பும் மேனிஃபோல்டும் பிடித்தேன்.

மலையில் கார்புரேட்டர் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரி கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் மேலே. காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு போல குறைந்துவிடும், கார்புரேட்டருக்கு அது தெரியாது, சமவெளியில் விடுகிற பெட்ரோலையே விடும். பிளக் கறுப்பாகும், கரும்புகை, இழுவை இருக்காது. பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு சின்னதாகப் போட்டு, பிளக் முனை பிஸ்கட் நிறத்துக்கு வரும் வரை பார்க்க வேண்டும். ஆனால் அதே ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் அங்கே காற்று கனம், கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். அதனால் ரொம்பவும் இறுக்காமல் நடுவாக ஒரு ஜெட் வைத்திருக்கிறேன். தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது, பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் டியூப்பும் முழுக்க மாற்றியாயிற்று. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பனி மூட்டத்தில் நிற்கிற வண்டிக்கு டேங்க் காலியாக இருக்கக் கூடாது.

நான் அதிக நாள் செலவழித்தது பிரேக்கில்தான். எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாத இடமும் இதுதான். இந்த வண்டியில் வந்த பிரேக் நாலு சக்கரத்துக்கும் டிரம், எல்லாம் ஒரே சர்க்யூட். ஒரு சக்கரத்தில் ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும், நின்ற வண்டியைப் பிடித்துவைக்கத்தான் அது. நீளமான இறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். கவுடர் இரண்டாவது கியரை விட்டு நகரவே மாட்டார், அதனால்தான் அத்தனை வருஷம் ஓட்டினார்.

சரி, என்ன செய்தேன் என்றால், முன் சக்கரத்துக்குப் பிந்தைய மஹிந்திரா ஜீப்பின் டிஸ்க்கும் காலிப்பரும், லேத்தில் கடைந்த அடாப்டரோடு. ஒற்றை மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வேலை செய்கிற டாண்டம் மாஸ்டர், ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். டிரம்முக்கான மாஸ்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கிற ஒரு வால்வு இருக்கும், டிஸ்க் லைனில் அதை விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே சூடாகும், அதை எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சினை விடாமல் வைத்ததன் பலன் பூஸ்டரில் தெரிந்தது, வேக்கத்தை, அதாவது வெற்றிடத்தை வைத்துப் பெடலுக்கு உதவுவது அது. டீசலுக்குத் தனி வேக்கம் பம்ப் வேண்டும், பெட்ரோலில் மேனிஃபோல்டிலிருந்தே வேக்கம் கிடைக்கும், அதுவும் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டாவது கியரில் இறங்கும்போது வேக்கம் உச்சத்தில் இருக்கும், பிரேக் தேவைப்படுகிற நேரமும் அதுதானே. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பூஸ்டரின் உதவியும் குறையும், அதனால் ஓர் அளவு பெரிய பூஸ்டராகப் போட்டேன். இன்னொன்று, டிரைவர், எஞ்சின் எல்லாம் முன்னாலேயே இருப்பதால் காலி வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும், அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றப் பார்க்கும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு வைத்து, மழை நாளில் ஆளில்லாத தேயிலைச் சாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்து அளவை நிறுத்தினேன்.

2021ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், புதிதாகப் பதிகிற வண்டியின் நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று இவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். எனக்கு அது வேண்டாம். இது உழைத்த வண்டி, உழைக்கட்டும் என்று பழைய ஆர்.சி.யையே புதுப்பிக்க அலைந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் லயத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். இருக்கிறவர்களில் இரண்டு பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வருகிறார்கள், இருவருடைய தாத்தாவும் மண்டபம் வழியாக வந்தவர்கள்தான். பிரேக்கில் ஏர் எடுப்பதை முழுக்க அவர்களிடமே விட்டிருக்கிறேன், ஒருவன் பெடலை மிதிப்பான், ஒருவன் நிப்பிளைத் திறப்பான், குமிழி நிற்கும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். கவுடரின் பேரன் லீவில் வந்தால் அவனும் சேர்ந்துகொள்கிறான், தாத்தா வண்டி என்று உரிமையோடு படுத்துக் கீழே நுழைந்துவிடுகிறான்.

இப்போது ஸ்டீரிங் பாக்ஸைக் கழற்றி வைத்திருக்கிறோம். பியரிங் கிடைத்துவிட்டது, வொர்ம் என்கிற மரை போட்ட தண்டு தேய்ந்திருக்கிறது, லேத்தில் சரி பண்ணிவிடலாம். முன் கண்ணாடிக்கு ரப்பர் பீடிங்தான் எங்கும் அகப்படவில்லை, வேறு வண்டியின் பீடிங்கை வெட்டி வைத்தால் மூலையில் மழை ஒழுகுகிறது. யாரிடமாவது எஃப்.சி. 150 பழைய கேபின் கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கழற்றிக்கொள்கிறேன்.