தேய்மானம் என்று ஒரு சொல்

"மூட்டில் கொஞ்சம் தேய்மானம் தெரிகிறது அம்மா." இவ்வளவுதான் சொன்னேன். எக்ஸ்ரே படத்தில் இடது தாடை மூட்டின் மேல் பேனா முனையை வைத்துக் காட்டினேன். அந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தாடையைத் தாங்கிக்கொண்டார். வாசலைத் தாண்டும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

அன்று மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தவர். மூன்று வாரம் கழித்து இரண்டு விரல்தான் நுழைந்தது. "தேய்ந்ததை இன்னும் தேய்க்க வேண்டாம் என்று கஞ்சி மட்டும்தான் குடிக்கிறேன் டாக்டர்" என்றார். கன்னத்துத் தசை கல்லாக இறுகியிருந்தது. வலியும் கூடியிருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வலியே இல்லாத பலரின் படத்திலும் இப்படித் தேய்மானம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாதியை ஏன் சொல்லாமல் விட்டேன்? ஏழு மாத வலிக்கு ஒரு காரணம் கிடைத்தால் நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ள பிளேட் செய்து கொடுத்தேன். அளவெடுக்கும்போதே, "இது தசையைத் தளர்த்திவிடும், நிச்சயம் குறையும்" என்று அழுத்திச் சொன்னேன். குறைந்தது. ஆனால் அளவு கொடுத்துவிட்டுப் போன அன்றிரவே குறையத் தொடங்கியதாம். பிளேட் லேபிலிருந்து வரவே ஒரு வாரம் ஆனது.

குட்மேன், கிரீன், லாஸ்கின் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு அன்று நினைவுக்கு வந்தது. தாடை வலியோடு வந்தவர்களிடம், பல்லைக் கருவியால் ராவி, மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் கடியைச் சரிசெய்வதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். 25 பேரில் 16 பேருக்குத் தொந்தரவு முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ நீங்கியது. இதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஞானப்பல் எடுத்தவர்களுக்கு, மருந்துபோலக் கொடுத்த, உள்ளே மருந்தே இல்லாத போலி மருந்து தந்த நிவாரணத்தை, நலாக்சோன் என்ற மருந்து தடுத்ததை 1978இல் லெவினும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகளைத் தடுக்கும் மருந்து அது. நம்பிக்கை உடம்புக்குள் இறங்கி வேலை செய்கிறது என்றால், பயமும் செய்யாதா? என் ஒரு வார்த்தை அந்தத் தசைக்குள் போய் உட்கார்ந்திருக்காதா?

தாடை வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பதும் உண்மை. அந்த மூன்று வாரம் நான் என்ன சொல்லியிருந்தாலும் வலி கூடியிருக்கலாம். இரவில் இந்த எண்ணம்தான் எனக்கு ஆறுதல். ஆனால், பிளேட்டால்தான் குறைந்தது என்று அவர் கைகூப்பியபோது இந்த நியாயம் என் நினைவுக்கு வரவில்லை.

கடைசியாக வந்தபோது மூன்று விரலை வாயில் நுழைத்துக் காட்டினார். "அந்தத் தேய்மானம் சரியாகிவிட்டதா டாக்டர்?" என்று கேட்டார்.

"சரியாகிவிட்டது அம்மா" என்றேன். மறுபடி படம் எடுக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று அவரே கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.