அவைக்கு விளங்காது என்று நினைத்துக் கதைப்பது

லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் பலரிடம் அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. தமிழில் கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காது என்ற நம்பிக்கைதான் அது. பேருந்திலும், கடையில் காசு கட்டும் வரிசையிலும், ஜீ.பீ. என்கிற குடும்ப வைத்தியரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்திலும் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி அவர் காதுபடவே கதைப்பார்கள். அவர் சீனர் என்றால் ‘சப்பட்டை’. கறுப்பினத்தவர் என்றால் ‘கறுவல்’, இல்லாவிட்டால் ‘காப்பிலி’.

நான் வைத்தியசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வந்த புதிதில் ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் இருந்துகொண்டு கடை வேலைக்குப் போன காலத்திலும் இந்தச் சொற்களைத் தினமும் கேட்டிருக்கிறேன். அப்போது அவை எங்களுக்குள்ளே புழங்கிப்போகும் சொற்களாக மட்டும் இருந்தன. உரைபெயர்ப்பு வேலைக்கு வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு: யார் எதைச் சொன்னாலும், கூட்டாமல் குறைக்காமல், மற்றவருக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் இதை இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதும் விதி. அதனால் கீழே சொல்வதில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

ஒரு வார்டில் வயதான ஐயா ஒருவர். இரத்தம் எடுக்க வந்த தாதி கறுப்பினப் பெண். முதல் தடவை நரம்பு பிடிபடவில்லை. இரண்டாவது தடவை ஊசியைக் கிட்டக் கொண்டுவர, ஐயா கையை இழுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “இந்தக் காப்பிலிக்கு நரம்பு பிடிக்கத் தெரியேல்லை. வேற ஆளை வரச்சொல்லு பிள்ளை.”

தாதி என் முகத்தைப் பார்த்தார். ஐயாவிடம் ஒரு விளக்கம் கேட்கவேண்டும் என்று அவருக்கு ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, நான் ஐயாவிடம் திரும்பினேன். “ஐயா, நீங்கள் இப்ப சொன்னதை அப்பிடியே இவவுக்குச் சொல்லவேணும். சொல்லட்டோ?”

“ஐயோ, அதைச் சொல்லாதை. கை நோகுது, வேற ஆள் வந்தால் நல்லது எண்டு மட்டும் சொல்லு.”

அவர் மாற்றிச் சொன்னதை நான் சொன்னேன். தாதி ஊசியை வைத்துவிட்டு, கோபமில்லாமல், ஆனால் ஒவ்வொரு சொல்லாக எனக்குப் பதில் சொன்னார். வேறு ஆளை அனுப்புகிறேன், கை நோவது விளங்குகிறது. இந்த வார்டுக்குத் தமிழ் நோயாளிகள் நிறையப் பேர் வருகிறார்கள், அவர் முதலில் சொன்ன அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். இவ்வளவையும் நான் ஐயாவுக்குத் தமிழில் அப்படியே சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை.

இதைப் பற்றி நான் யாரிடம் கதைத்தாலும் உடனே ஒரு பதில் வரும்: “அது பிழையான சொல் இல்லை, ஊரிலை அவையளுக்கு அதுதானே பேர்.” ஐயா அதைச் சொல்லவிடாமல் மறித்தாரே, அதுதான் இதற்கு மறுமொழி என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாத சொல் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

‘காப்பிலி’ என்ற பெயர் எங்கள் ஊருக்கு வந்த வழியும் சாதாரண வழியில்லை. இறைநம்பிக்கையற்றவன் என்று பொருள்படும் ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல்லைப் போர்த்துக்கேயர் ஆபிரிக்கர்களுக்கு வைத்தார்கள். அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் அவர்களை இலங்கைக்குக் கொண்டுவந்தபோது சொல்லும் கூடவே வந்து இறங்கியது. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகளை அடைத்து வைத்திருந்த இடம்தான் கொழும்பில் இன்று நாங்கள் கொம்பனித்தெரு என்கிற பகுதி. ஆங்கிலேயர் அதற்கு அடிமைத் தீவு என்றே பெயர் வைத்தார்கள். அந்த மனிதர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இப்போதும் வாழ்கிறார்கள். தென்னாபிரிக்காவில் இதே வேர்ச்சொல் நிறவெறி ஆட்சியின் வாயில் என்றும் இருந்த வசவு. அங்கே 2018 இல் ஒரு வெள்ளைப் பெண், கறுப்பினப் பொலிஸ்காரர் ஒருவரை இந்தச் சொல்லால் திரும்பத் திரும்ப ஏசியதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். பிரித்தானியாவில் வெய்ட்ரோஸ் கடைகள், தாய்லாந்துச் சமையலுக்குப் போடும் எலுமிச்சை இலையின் பெயரில் இந்தச் சொல் இருக்கிறது என்பதற்காக 2022 இல் அதை ‘மக்ரூட்’ என்று மாற்றின. ஒரு இலைப் பொதியிலிருந்தே எடுத்துவிட்ட சொல்லை நாங்கள் மனிதர்மேல் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

‘கறுவல்’ சங்கதி கொஞ்சம் வேறு. ஊரில் அது வீட்டுப் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரும்தான். நிறம் குறைந்த பேரனைக் ‘கறுவல், இஞ்சை வா’ என்று மடியில் இருத்தும் அம்மம்மாவின் மனதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அதே வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எடுபடும்போது நிறம் என்னவாகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். செல்லப் பெயரும் அந்த மனக்கணக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகளின் காதில் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன.

பெரியவர்களின் ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் பரிந்து பேசுவேன். ஊரில் பழைய புத்தகங்களில் ஆங்கிலம் படித்தவர்கள் ‘நீக்ரோ’ என்றும் ‘கலர்ட்’ என்றும் சொல்லும்போது மரியாதையாகச் சொல்வதாகவே நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் அது மரியாதைச் சொல்தான். 1963 இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையிலேயே ‘நீக்ரோ’ வருகிறது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் அங்கத்தைய மக்களே அதைத் தள்ளிவிட்டுக் ‘கறுப்பர்’ என்பதைப் பெருமையோடு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் புத்தகங்களுக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். 2020 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் ‘கலர்ட்’ என்று சொல்லிவிட்டு, அன்றே பதவி விலகினார். தென்னாபிரிக்காவில் அதே சொல்லால் தங்களை அழைத்துக்கொள்ளும் ஒரு பெரிய சமூகம் இருக்கிறது. எந்தச் சொல் எந்த நாட்டில் யாருடையது என்று ஒரு எழுபது வயது மனிதர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இனி எங்கள்மேல் ஒட்டப்படும் பெயர்கள். ஜீ.பீ.யிடம் பதியப்போனால் ஒரு படிவம் தருவார்கள். ‘உங்கள் இனப் பின்னணி என்ன?’ இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் எல்லோருக்கும் தனித்தனிப் பெட்டி. ஈழத்தில் இருந்து வந்தவருக்கு ‘வேறு ஆசியப் பின்னணி’ என்ற பெட்டியும் பக்கத்தில் ஒரு கோடும். அந்தக் கோட்டில் சிலர் ஸ்ரீலங்கன் என்று எழுதுகிறார்கள், சிலர் தமிழ் என்று எழுதுகிறார்கள், சிலர் சலித்துப்போய் இந்தியர் பெட்டியிலேயே புள்ளடி போட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டுக் குடிசன மதிப்பில் இந்தக் கேள்வி முதன்முதலில் 1991 இல்தான் வந்தது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆசியப் பெட்டிக்குள் வந்தவர்கள் 9.3 சதவீதம், கறுப்பினப் பெட்டிக்குள் வந்தவர்கள் 4 சதவீதம்.

படிவத்தைக் கண்டதும் ஒரு அம்மா என்னைக் கேட்டா: “என்ன பிள்ளை, இவங்களும் எங்கடை சாதி கேக்கினமோ?” சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாக எனக்கு அது படவில்லை. ஊரில் சாதி கேட்டவர்களால் அவர் பட்டது அந்தக் கேள்வியில் இருந்தது. வைத்தியத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நியாயமான பயன் இருக்கிறது என்பதை ஜீ.பீ.யே அவருக்கு விளக்கினார். உடல்நிறையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சுட்டெண் பொதுவாக 25 ஐத் தாண்டினால்தான் கூடுதல் என்பார்கள். எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு 23 லேயே கவனிக்கச் சொல்கிறது இங்குள்ள வழிகாட்டல், ஏனென்றால் எங்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து அதற்குக் குறைந்த நிறையிலேயே கூடிவிடுகிறது. ஆபிரிக்க, கரீபியப் பின்னணி உள்ளவர்களுக்கும் அதே கணக்குத்தான். அந்த வழிகாட்டலில் அவர்களும் நாங்களும் ஒரே வரியில் நிற்கிறோம்.

தெருவிலும் ஒரே வரியில்தான் நின்றோம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: இரவு வேலை முடிந்து வரும்போது பாகிஸ்தானியரை இழிக்கும் ‘பாக்கி’ என்ற சொல்லைக் கத்திக்கொண்டு போத்தல் எறிந்த கதை இல்லாதவர்கள் குறைவு. அந்தக் கதையைச் சொல்லும்போது பலர் சேர்த்துச் சொல்லும் ஒரு வசனம்தான் என்னை வருத்துகிறது: “நான் பாக்கி இல்லை, ஸ்ரீலங்கன் எண்டு சொன்னனான்.” பாகிஸ்தான்காரர் என்றால் எறியலாமா? எறிந்தவனுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. எங்களைத்தான் அவன் சரியாக அடையாளம் காணவில்லை என்பது அங்கே குறையே இல்லை.

கறுப்பின மக்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனை எங்கள் வீடுகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. பிரிஸ்டல் நகரத்துக் கதை ஒன்று போதும். அங்கே பேருந்துக் கம்பனி வெள்ளையர் அல்லாதவர்களைச் சாரதியாகவோ நடத்துனராகவோ எடுக்காது, தொழிற்சங்கமும் அதற்கு உடந்தை. 1963 வசந்தத்தில், நேர்முகத்துக்குப் போன கய் பெய்லி என்ற ஜமேக்க இளைஞரை நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். போல் ஸ்டீவன்சன், ரோய் ஹக்கெட் போன்றவர்களின் தலைமையில் கரீபியச் சமூகத்தவர்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். மாதக்கணக்கில் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள். ஓகஸ்ட் 28 இல் கம்பனி பணிந்தது. வாஷிங்டனில் கிங் பேசியதும் அதே நாள். செப்டெம்பரில் அந்தக் கம்பனி எடுத்த முதலாவது வெள்ளையர் அல்லாத நடத்துனர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். கறுப்பின மக்கள் நடந்து வாங்கிய வேலை முதலில் தெற்காசியர் ஒருவரின் கைக்குத்தான் வந்தது. 1965 இல் வந்த இன உறவுகள் சட்டத்துக்கும், வேலை கொடுப்பதிலும் வீடு கொடுப்பதிலும் பாகுபாட்டைத் தடுத்த 1968 சட்டத்துக்கும் பின்னால் இந்தப் போராட்டத்தின் தாக்கம் இருக்கிறது. இன்றைக்கு லண்டனில் பேருந்து ஓட்டும் எங்கள் அண்ணைமாருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இதை எங்களில் ஒருவர் அப்போதே விளங்கிக்கொண்டார். சண்டிலிப்பாய் வேர் கொண்ட அம்பலவாணர் சிவானந்தன், 1958 இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குத் தப்பி லண்டன் வந்தார். வந்து இறங்கியது நொட்டிங் ஹில்லில் கரீபிய மக்களை வெள்ளைக் கும்பல்கள் தாக்கிய நாட்களில். அங்கே பட்டதும் இங்கே கண்டதும் ஒன்றுதான் என்று கண்டு, தன்னைக் கறுப்பர் என்றே சொல்லிக்கொண்டார். பின்னாளில் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகி, 2018 இல் இறக்கும்வரை இந்த நாட்டின் இனவெறிக்கு எதிரான சிந்தனையில் முன்வரிசையில் இருந்தார். எழுபதுகளில், எண்பதுகளில் இங்கே ‘கறுப்பர்’ என்பது ஆபிரிக்க, கரீபிய, ஆசிய மக்கள் சேர்ந்து நின்ற அரசியல் பெயர். 1979 இல் தொடங்கிய சவுத்தோல் கறுப்புச் சகோதரிகள் அமைப்பின் பெண்களில் பலர் தெற்காசியர்.

அண்மையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னப் பெடியன் ஒருவன், வகுப்புத் தோழனைத் தமிழில் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறான். அதே வகுப்பில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை ஆசிரியைக்கு அர்த்தம் சொல்லிவிட்டது. தாயார் அழுதா. மகன் கெட்டவன் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னா. ஆசிரியையும் அப்படிச் சொல்லவில்லை. எங்கே கேட்டாய் என்றுதான் அவனைக் கேட்டார். “வீட்டிலை,” என்றான். வேலை முடிந்து வெளியே வந்ததும் தாயார் என்னை மறித்து, “அப்ப என்னெண்டு சொல்லுறது, அக்கா?” என்று கேட்டா. பெயர் தெரிந்தால் பெயர். நைஜீரியா, கானா, ஜமேக்கா என்று ஊர் தெரிந்தால் ஊர். இனத்தைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் கறுப்பினத்தவர். இவ்வளவுதான் நான் சொன்னது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கு அதில் எதையுமே சொல்லத் தேவையில்லை.

எங்கள் பகுதியில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் இதைப் பற்றிக் கதைத்தேன். நிறங்களின் பெயரும் உறவுமுறைகளும் சொல்லிக்கொடுக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரரை எப்படிச் சொல்வது என்பதையும் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்டேன். சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். தலைமை ஆசிரியை மட்டும், மேல்வகுப்புக்குப் பிரிஸ்டல் பேருந்துக் கதையைத் தமிழில் ஒரு வாசிப்புப் பாடமாக எழுதித் தாருங்கள், அடுத்த தவணைக்குப் போடலாம் என்றா. எழுதிக்கொண்டிருக்கிறேன்.